பாளையங்கோட்டையில் ஓர் அங்கன்வாடி: மூன்று வயதுக்குப் பள்ளி தேடும் பெற்றோருக்கு

பள்ளிக்கூடங்களுக்குப் பெயர்போன பாளையங்கோட்டையில், மூன்று வயதுக் குழந்தைக்கு இடம் தேடுகிறவர்கள் பொதுவாக அங்கன்வாடியின் வாசலை மிதிப்பதில்லை. சத்துமாவுக்கும் தடுப்பூசிக்கும் அந்தக் கட்டடத்துக்குப் போய்வந்த பெற்றோர்கூட, படிப்பு என்று வந்ததும் வேன் வரும் நர்சரிகளின் பெயர்களைத்தான் விசாரிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் விசாரித்தோம், ஆனால், எல்.கே.ஜி.க்கு முந்தைய ஓராண்டுக்கு எங்கள் மகளைச் சேர்த்தது வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள அங்கன்வாடி மையத்தில். அந்த ஆண்டு முடிந்த நிலையில் எழுதும் மதிப்பீடு இது. மையத்தின் தெருவையோ எண்ணையோ நான் குறிப்பிடவில்லை. அங்கே வேலை செய்பவர்கள் இருவர்தான் என்பதால், இடத்தைச் சொன்னாலே ஆளைச் சொன்னதாகிவிடும்.

முதலில், வேண்டாம் என்று விட்டவற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய மெட்ரிக் பள்ளிகளோடு ஒட்டிய நர்சரிகளில் கட்டடமும் பாதுகாப்பும் நன்றாகவே இருந்தன. ஆனால், ஒன்றில் காலை பத்தரை மணிக்கு நாங்கள் எட்டிப் பார்த்த வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் நாற்காலியில் அமர்ந்து நான்குகோட்டு நோட்டில் ஒரே எழுத்தைப் பக்கம் நிறைய எழுதிக்கொண்டிருந்தார்கள். பென்சிலை முழு முஷ்டியால் பிடித்திருந்த ஒரு பையனின் கையை ஆசிரியை தன் கையால் பொத்திப் பிடித்து நகர்த்த, அவன் நோட்டைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் இருக்கும் எட்டு எலும்புகளில் பாதிக்கு மேல் மூன்று வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கைக்கு வேண்டியது மண்ணும் மாவும் மணிகோர்ப்பதும்தான். எழுத்து பின்னால் வந்துகொள்ளும். தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று அது சொல்வதில் யாருக்கும் பெரிய சண்டை இருப்பதாகத் தெரியவில்லை. சண்டையில்லாத அந்த ஒன்றைத்தான் நர்சரிகள் கண்டுகொள்வதில்லை.

பெயர்ப்பலகையில் ‘மாண்டிசோரி’ என்று எழுதியிருந்த ஓரிடத்துக்கும் ஆசையோடு போனோம். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். உலகப் போர் அவரை இங்கேயே நிறுத்திவைத்ததால் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். அப்படிப் பார்த்தால் இந்த முறை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்து சென்டிமீட்டர் வரை வளரும் பத்து இளஞ்சிவப்புக் கட்டைகளைக் குழந்தை தானே அடுக்கி, தவறினால் தானே கண்டு திருத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. நாங்கள் பார்த்த இடத்தில் அந்தக் கட்டைகள் கண்ணாடி அலமாரிக்குள் தூசில்லாமல் இருந்தன; சாவி அலுவலக அறையில் இருந்தது. இதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

அங்கன்வாடிக்கு வருகிறேன். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியும் தொடக்கத்திலிருந்தே அதன் சேவைகளில் ஒன்று. மக்கள் மனத்தில் பதிந்ததென்னவோ சாப்பாடு மட்டும்தான். எங்கள் ஊரில் பெரியவர்கள் இன்றும் ‘பால்வாடி’ என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டு மையங்களில் ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பெயரில் மாதவாரியான பாடத்திட்டம் இருக்கிறது. நம் குடும்பம், விலங்குகள், போக்குவரத்து என்று ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு பாட்டு, கதை, விளையாட்டு, வரைதல் எல்லாவற்றையும் அதைச் சுற்றியே நடத்தும் முறை அது. தாளில் நன்றாக இருக்கும் திட்டங்கள் ஏராளம் என்பதால், நான் பார்க்க விரும்பியது ஒன்றே ஒன்றுதான்: காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் குழந்தையிடம் ஒரு பெரியவர் எத்தனை முறை உண்மையாகப் பேசுகிறார், அதன் பதிலுக்கு எத்தனை முறை காத்திருக்கிறார்?

தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுக்கப் போன ஒரு நாள் வாசலிலேயே நின்று கேட்டதை அப்படியே எழுதுகிறேன். பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு டீச்சர் காக்கா, நரி, வடைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி, “காக்கா ஏன் வாயத் தொறந்துச்சு?” என்று கேட்டார். “பாட்டுப் பாட” என்றது ஒரு குரல். “நரிக்குக் குடுக்க” என்றது இன்னொன்று. “வடை சூடா இருந்துச்சு” என்றாள் எங்கள் மகள். தப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம், டீச்சர் நகரவில்லை. “அப்படியா? சூடா இருந்தா காக்கா என்ன செய்யும்?” “ஊதும்.” “ஊதுனா?” “வடை கீழ விழுந்துரும்.” அதுவரை பேசாமல் இருந்த சற்றுப் பெரிய பையன் ஒருவன் எழுந்து, “அப்ப நரி ஏமாத்தவே இல்லையா டீச்சர்?” என்று கேட்டான். அதற்குப் பின் கதை முடிய வெகுநேரமாயிற்று. முழு வாக்கியத்தில் பேசுவது, காரணம் சொல்வது, அடுத்தவர் சொன்னதைக் கேட்டு அதன்மேல் கேள்வி எழுப்புவது என்று இந்த வயதில் நடக்க வேண்டிய கல்வி எல்லாம் அந்தச் சில நிமிடங்களில் நடந்தது. நோட்டில் காட்டுவதற்கு அதற்கு எந்தத் தடயமும் இல்லை என்பதுதான் பெற்றோர்களுக்குச் சிக்கல்.

எல்லா நாளும் இப்படி இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கன்வாடிப் பணியாளரின் வேலையில் கற்பித்தல் ஒரு பகுதி மட்டுமே. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களின் பதிவேடுகள், சத்துமாவு விநியோகம், செல்போனில் ஊட்டச்சத்துக் கண்காணிப்புக்கான போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டிய விவரங்கள், கணக்கெடுப்பு என்று அவரது காலை நேரத்தைத் தின்ன ஒரு வரிசையே நிற்கிறது. வாக்காளர் பட்டியல் திருத்தப் பணிக்கு அவர் போய்விட்ட நாள்களில் உதவியாளர் ஒருவரே சமைத்து, பரிமாறி, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்த நாள்களில் அங்கே நடந்தது பராமரிப்பு மட்டுமே. கல்வி எதுவும் நடக்கவில்லை. தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கான தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் இருபது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும் என்கின்றன. எங்கள் மையத்தில் பட்டியலில் இருக்கும் பிள்ளைகள் இருபதைத் தாண்டினாலும், அன்றாடம் வருகிறவர்கள் அதற்குள்ளேதான். ஆகவே, டீச்சர் இருக்கும் நாளில் இந்த விகிதம் பல நர்சரிகளைவிட மேல். இல்லாத நாளில் எதோடும் ஒப்பிட முடியாது. இதற்குத் தீர்வு அந்த மையத்தின் கையில் இல்லை. காலியிடங்களை நிரப்பாமல், வழக்கமான அரசு ஊதியத்தைவிடக் குறைந்த ‘சிறப்புக் காலமுறை ஊதிய’த்தில் வைத்துக்கொண்டு, எந்தத் துறையின் வேலையானாலும் இவர்கள் தலையில் கட்டும் வழக்கம் மாறினால்தான் உண்டு.

சாப்பாட்டைப் பற்றி எனக்கு இருந்த தயக்கம் நீங்கிவிட்டது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் முதலிலிருந்தே இரண்டு வயதுக்கு மேற்பட்ட முன்பருவக் குழந்தைகளும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். இப்போது கலவை சாதம், சாம்பார் சாதம் என்று நாளுக்கொன்றாக மாறுகிறது. வாரத்தில் மூன்று நாள் முட்டை. வீட்டில் முட்டையின் மஞ்சள் கருவைத் துப்பும் எங்கள் மகள், பக்கத்தில் உட்கார்ந்தவன் சாப்பிடுவதைப் பார்த்துத் தானும் சாப்பிடக் கற்றுக்கொண்டாள். சாதம் சில நாள் குழைந்திருக்கும். அதைத் தவிரக் குறை சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது எடை பார்ப்பது. மாதந்தோறும் எடை எடுத்து வளர்ச்சிக் கண்காணிப்பு அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். மூன்று வயது நிறைந்த பெண் குழந்தைக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சித் தரத்தில் இடைநிலை எடை 13.9 கிலோ, ஆண் குழந்தைக்கு 14.3 கிலோ. எங்கள் மகளின் கோடு பச்சைப் பகுதியில்தான் இருந்தது என்றாலும், அது மேலே ஏறாமல் படுத்துக் கிடப்பதைக் கவனித்த டீச்சர், அவளைக் கூப்பிட வந்த என் அம்மாவிடம், “ராத்திரி என்ன ஆச்சி குடுக்கீங்க?” என்று விசாரித்திருக்கிறார். சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் பசியில்லாமல் தூங்கிவிடுகிறாள் என்பது அந்தப் பேச்சில்தான் வெளியே வந்தது. பாலைக் காலைக்கு மாற்றினோம், கோடு ஏறத் தொடங்கியது. ஆண்டுக் கட்டணம் வாங்கும் எந்த நர்சரியும் குழந்தையின் எடைக்கோட்டைப் பார்த்துப் பாட்டியிடம் கேள்வி கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையிலிருந்து பரவிய தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் குழந்தையைச் சேர்க்கும் முன் சமையலறை எங்கே இருக்கிறது, வெளியேற எத்தனை வழி என்று பார்க்காத பெற்றோர் உண்டென்றால் அது பொறுப்பின்மை. எங்கள் மையம் தரைத்தளத்தில், கான்கிரீட் கூரையோடு இருக்கிறது, அதுவரை நல்லது. ஆனால், சமையலறைக்கும் பிள்ளைகள் இருக்கும் கூடத்துக்கும் நடுவில் தாழ்ப்பாள் இல்லாத கதவு ஒன்றுதான் இருந்தது. சிலிண்டரும் உள்ளேயே இருந்தது. பெற்றோர் சிலர் சேர்ந்து வார்டு மாமன்ற உறுப்பினரைப் பார்த்து மனு கொடுத்த பிறகு கதவு சரியாயிற்று, சிலிண்டர் வெளிப்பக்கக் கூண்டுக்குப் போயிற்று. கழிப்பறை சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் வரும் நாளில் பரவாயில்லை. பெரியவர்கள் அளவுக்குக் கட்டிய பீங்கானில் மூன்று வயதுக் குழந்தை தனியாக உட்கார முடியாது. ஆயாம்மா கூடப் போகிறார், அவர் அடுப்படியில் இருந்தால் பிள்ளை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறது. நீங்கள் எந்தப் பள்ளியைப் பார்க்கப் போனாலும் அலுவலக அறையில் உட்கார்வதற்கு முன் கழிப்பறையைப் பார்த்துவிடுங்கள்.

“அங்கயா சேத்திருக்க?” என்று உறவில் பலர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குள் இங்கிலீஷ் வராதே என்ற கவலை பாதி. யார் யாருடைய பிள்ளைகளோடு உட்காருகிறாள் என்பது மீதி. முதல் பாதிக்குப் பதில் உண்டு: சொந்த மொழியில் நடந்ததை வரிசையாகச் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு இன்னொரு மொழியைச் சேர்ப்பது எளிது, ‘ஆப்பிள்’, ‘எலிஃபன்ட்’ என்று படத்தைக் காட்டிச் சொல்லவைப்பதை இங்கிலீஷ் என்று நான் எண்ணவில்லை. மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவனல்ல. பூக்கட்டுகிறவர் மகளும் ஆயுதப்படைக் காவலர் மகனும் எங்கள் மகளும் ஒரே பாயில் தூங்குகிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டுக்கு என்ன வழி என்பதுதான் உண்மையான நெருக்கடி. தனியார் பள்ளிகள் எல்.கே.ஜி.யிலேயே இடங்களை நிரப்பிவிடுவதால், அங்கன்வாடியில் ஐந்து வயது வரை வைத்திருந்து நேராக ஒன்றாம் வகுப்புக்கு அங்கே போக நினைத்தால் இடம் கிடைப்பது கடினம். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு உள்ள 25 விழுக்காடு ஒதுக்கீடும் பள்ளியின் தொடக்க வகுப்பில்தான். அதற்கு ஜூலை 31-க்குள் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியை நாடுகிறவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2022-இல் அவை நிறுத்தப்படுவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பியபின் தொடரும் என்று அரசு அறிவித்தது. நம் வட்டாரத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா, அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்பதை நேரில் போய்த்தான் உறுதி செய்ய வேண்டும்.

ஆக, கணவனும் மனைவியும் வேலைக்குப் போய், மாலை ஆறு வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாதவர்களுக்கு இந்த மையம் சரிப்படாது. மதியத் தூக்கம் முடிந்ததும் யாராவது வந்து கூட்டிப் போயாக வேண்டும். வீட்டில் தாத்தாவோ ஆச்சியோ இருக்கிறார்கள், எல்.கே.ஜி.க்கு முன் ஓராண்டு பிள்ளை விளையாடிப் பேசிப் பழகினால் போதும் என்று நினைக்கிறவர்கள், எங்கள் மையத்தை மனத்தில் வைத்து உங்கள் தெருவின் மையத்தை எடைபோடாமல், அங்கேயே போய்ப் பாருங்கள். டீச்சர் மாறினால் மையமே மாறிவிடுகிறது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை ஆகியவற்றைக் கொண்டுபோனால் சேர்க்கை அங்கேயே முடிந்துவிடும். ஆனால், அதற்கு முன்னால் ஒரு வேலைநாளில் பத்தரை மணிக்குச் சொல்லாமல் போய், ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். அனுமதி தர மறுத்தால், அது அங்கன்வாடியானாலும் லட்சம் வாங்கும் பள்ளியானாலும், சேர்க்காமல் திரும்பிவிடலாம்.