யூஎஸ்பி பிளேயரா, பழைய டெக்கா?

பரணிலிருந்து இறக்கிய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற இரண்டு வழியும் பார்த்துவிட்டேன்.

கையடக்க யூஎஸ்பி கேசட் பிளேயர் சுலபம். கேபிளைச் செருகி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ரெக்கார்ட் அழுத்தினால் போதும். ஆனால் டேப் நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் சீராக ஓட வேண்டும். நான் வாங்கியதில் மோட்டார் தடுமாறியது. தாத்தாவின் குரல் நீந்தி நீந்தி வந்தது. வெறும் பேச்சு என்றால் சரி, பொறுத்துக்கொள்ளலாம்.

டெக்கில் (வீட்டு ஸ்டீரியோவோடு இணைக்கும் பெரிய கேசட் பிளேயர்) வேலை அதிகம். தொய்ந்த பெல்ட்டை மாற்ற வேண்டும். டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும் (பஞ்சு பழுப்பாக வரும்போது ஒரு திருப்தி!). லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு வயர். லேப்டாப் என்றால் ஒலியை உள்வாங்கும் சின்னக் கருவி, ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒன்று தேவைப்படும். மைக் துளையில் செருகினால் ஒலி உடைந்துபோகும். அப்புறம் ஹெட்டின் ஓரத்தில் அதன் சாய்வைச் சரிசெய்யும் குட்டி ஸ்க்ரூ: பாட்டை ஓடவிட்டு, அதை மெல்லத் திருப்பினேன். போர்வைக்குள்ளிருந்து கேட்ட கஞ்சிராவின் சலங்கை சட்டென்று தெளிந்தது.

காத்திருப்பு இரண்டிலும் ஒன்றுதான்: 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம். சிடி தரத்தில் வேவ் கோப்பாகச் சேமித்தால் சுமார் 600 எம்பி. பாட்டுக் கேசட்டுக்கு நான் டெக் பக்கம்தான்.