ஆசிரியர் குறிப்பேடு: ஓராண்டு எழுதிப் பார்த்த பிறகு

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் பள்ளிப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில், ஆசிரியர்கள் தம் வகுப்பைப் பற்றித் தாமே எழுதிப் பார்ப்பதற்கென்று உள்ளூர் அச்சகம் ஒன்று தயாரித்த குறிப்பேட்டை 240 ரூபாய் கொடுத்து வாங்கினேன். குலசேகரத்தை ஒட்டிய ரப்பர் தோட்டப் பகுதியில் உள்ள நடுநிலைப்பள்ளி ஒன்றில் கணக்கு நடத்துகிறவன் நான். பாடக்குறிப்பேடு, வேலைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, போதாததற்குக் கைபேசிச் செயலி என ஏற்கெனவே எழுதிக் குவிக்கிறவர்கள் நாங்கள். இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்குவதற்கு என் வீட்டிலேயே எதிர்ப்பு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குறிப்பேட்டில் ஒரு நாளுக்கு இரண்டு பக்கங்கள். இடப்பக்கத்தில் நாள், வகுப்பு, பாடம், வருகை, வானிலை, கற்றல் விளைவு, பயன்படுத்திய துணைக்கருவி, ஐந்துக்கு எத்தனை என்று நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் மதிப்பெண், சக ஆசிரியர் கருத்து, கையொப்பம் எனப் பத்துக் கட்டங்கள் இருக்கின்றன. வலப்பக்கத்தில் கோடு மட்டும் போட்டு வெறுமனே விட்டிருக்கிறார்கள். தயாரித்தவர்கள் பெருமைப்படுவது இடப்பக்கத்தைப் பற்றி. முன்னுரை முழுவதும் அந்தக் கட்டங்களைத்தான் விளக்குகிறது. என் அனுபவத்தில் கொடுத்த காசுக்கு உழைத்தது வலப்பக்கம்.

தன்மதிப்பெண் கட்டத்தைப் பாருங்கள். முதல் இரண்டு மாதப் பக்கங்களைப் புரட்டினால், மூன்று நான்கு இடங்களைத் தவிர எங்கும் 4 என்றே போட்டிருக்கிறேன். ஐந்து போட்டால் அகந்தை, மூன்று போட்டால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்ற பயம், ஆகவே நான்கு. நம் குறையை ஓர் எண்ணாகப் போடச் சொன்ன உடனே அதை மறைக்கக் கை பழகிவிடுகிறது. அதே நாள்களில் வலப்பக்கத்தில், “(−3) − (−5) எப்படி 2 ஆகிறது என்று கேட்ட பெண்ணிடம் ‘விதி அப்படி’ என்று சொல்லிவிட்டேன், எனக்கும் என் ஆசிரியர் அப்படித்தான் சொன்னார்” என்று எழுதியிருப்பதைக் காண்கிறேன். பயிற்சிக் கல்லூரியில் கற்பதைக் காட்டிலும், தாம் மாணவராக அமர்ந்திருந்த ஆண்டுகளில் பார்த்ததையே ஆசிரியர்கள் திரும்பச் செய்கிறார்கள் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் எழுதினார். என் கையெழுத்திலேயே அதற்குச் சான்று கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வானிலைக் கட்டத்தைப் பற்றி மட்டும் என் கருத்தை மாற்றிக்கொண்டேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையனைப் பற்றி, “முதல் பாடவேளையில் தூக்கம், கவனமில்லை” என்று ஜூலைக்குள் ஐந்து முறை எழுதியிருந்தேன். ஒரு சனிக்கிழமை பழைய பக்கங்களைச் சேர்த்து வாசித்தபோது, அந்த ஐந்து நாள்களிலும் வானிலைக் கட்டத்தில் ‘வெயில்’ என்றும், அவன் கரும்பலகைக்கு வந்து கணக்குப் போட்ட இரண்டு நாள்களிலும் ‘மழை’ என்றும் இருந்தது. இந்தப் பகுதியில் வாழ்கிறவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. காலையில் ரப்பர் மரம் நனைந்திருந்தால், பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு இல்லை. மழை இல்லாத நாள்களில் விடியுமுன்பே அப்பாவோடு போய், அவர் வெட்டுவதற்கு முன்னால் பட்டையில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கொடுத்துவிட்டு வருகிறான். அவனுக்குரிய பயிற்சிக் கணக்குகளை மதிய வேளைக்கு மாற்றினேன். அப்பாவையும் அழைத்துப் பேசினேன். முழுவதும் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘கவனமில்லை’ என்ற சொல்லை அதன் பிறகு அவன் பெயருக்கு எதிரே நான் எழுதவில்லை.

குறிப்பேட்டின் எல்லையையும் இங்கே சொல்ல வேண்டும். தொழில் செய்கிறவர் செயலின் நடுவிலேயே சிந்திப்பது வேறு, செயல் முடிந்த பின் சிந்திப்பது வேறு என்று அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்டு ஷோன் 1983இல் பிரித்துக் காட்டினார். நாற்பது பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடத்தைத் திருப்புகிற முதல் வகைக்கு எந்த நோட்டும் உதவாது. இது இரண்டாம் வகைக்கானது. அதுவும் அன்றன்றே எழுதினால்தான். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஐந்து நாளுக்கும் சேர்த்து எழுதிய வாரங்களில் நான் எழுதியதெல்லாம் கதை.

‘சக ஆசிரியர் கருத்து’ கட்டம் படுதோல்வி. பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் நீட்டினேன், “இத யாருக்கு சார் காட்டணும்?” என்று கேட்டு, ‘நன்று’ என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். ஒரு மாதம் நன்று, நன்று என்றே போயிற்று. பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். செப்டம்பரில் ஒரு நாள், மதிய உணவுக்குக் கை கழுவப் போனவன் திரும்பி வந்தபோது, திறந்து வைத்திருந்த குறிப்பேட்டின் வலப்பக்கத்தை அவர் நின்றபடியே வாசித்துக்கொண்டிருந்தார். நான் பொறுமையிழந்து ஒரு மாணவியிடம் கத்தியதை எழுதியிருந்த பக்கம் அது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து, “என் எட்டாம் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க முடியுமா?” என்று கேட்டார். ஓய்வு பெற மூன்று ஆண்டே உள்ளவர். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் பிறர் வகுப்பைப் பற்றி எவ்வளவு பேசினாலும், தம் வகுப்புக்குள் இன்னொருவரை விட்டறியாதவர். அதன் பின் இருவரும் வாரம் ஒரு பாடவேளை மாறி மாறி அமர்ந்து பார்த்தோம். நான் கேட்பதை நிறுத்திய பிறகு கையொப்பக் கட்டம் கடைசி வரை காலியாகவே கிடந்தது.

தயாரிப்புத் தரம் சுமார். தாள் கனமானது, மை ஊறவில்லை. ஆனால் ஒட்டிய கட்டு. நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. இரண்டாம் மழைக்கு முதுகு விட்டு, அக்டோபர் பக்கங்கள் தனியே வந்துவிட்டன. நூல் வைத்துத் தைத்திருந்தால் இன்னும் முப்பது ரூபாய் கூடக் கொடுத்திருப்பேன். நாளுக்கு இரண்டு பக்கம் என்பதால் பையில் கனமும் அதிகம்.

இந்த ஆண்டு மீண்டும் அதே கடைக்குப் போனேன். பத்துக் கட்டங்களில் நாள், வகுப்பு, வருகை, வானிலை ஆகிய நான்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிட்டால் விலையும் குறையுமே என்றேன். “கட்டம் இல்லேன்னா சாதா நோட்டுதானே சார், 60 ரூவாக்கு கிடைக்குமே” என்றார் கடைக்காரர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தைத்த கட்டுள்ள நீள நோட்டு இரண்டு வாங்கினேன். ஒன்று எனக்கு, மற்றொன்றுக்கு அந்த ஆசிரியை முன்பே காசு கொடுத்தனுப்பியிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் வானிலைக்கு மட்டும் பேனாவால் ஒரு சிறு கட்டம் போட்டுக்கொள்கிறோம்.