200 ரூபாய்க்கு எவிட்டா: சத்துவாச்சாரி மாடியரங்கில் ஒரு ஞாயிறு மாலை

சத்துவாச்சாரியில் ஒரு வீட்டின் மாடியில், ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கட்டணம் பெற்றுக்கொண்டு உலக வரலாற்றுச் சொற்பொழிவு நடத்துகிறார்கள். 200 ரூபாய்க்கு மூன்று மணி நேரப் பேச்சு, திரையில் பழைய புகைப்படங்கள், 16 பக்கக் கையேடு, இடைவேளையில் சுண்டலும் தேநீரும் கிடைக்கின்றன. சென்ற மாதத்துப் பொருள், அர்ஜென்டினாவின் அதிபர் ஹுவான் பெரோனின் மனைவி ஏவா பெரோன். எவிட்டா என்ற செல்லப் பெயரால் இன்றும் அழைக்கப்படும் அந்தப் பெண்மணியைப் பற்றிக் கேட்க வேலூரில் எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள் என்ற ஐயத்தோடுதான் படியேறினேன். ஐம்பது நாற்காலிகளும் நிறைந்திருந்தன. வாணியம்பாடியிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள்.

பேச்சாளர் தொடங்கிய இடம் நன்று. அதிபர் மாளிகையின் மாடத்திலிருந்து தொடங்காமல், 1926இல் நடந்த ஒரு சாவு வீட்டிலிருந்து தொடங்கினார். லாஸ் டோல்டோஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஹுவானா இபார்குரென் என்ற பெண்ணுக்கும், வேறோர் ஊரில் முறைப்படியான மனைவி மக்களோடு குடும்பம் உடைய ஹுவான் துவார்த்தே என்பவருக்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் கடைசிப் பெண் ஏவா. தகப்பன் இறந்தபோது அந்தக் குழந்தைகள் உடலைப் பார்க்கவே அந்த வீட்டாரிடம் இரந்து நிற்க வேண்டியிருந்தது. அப்போது ஏவாவுக்கு வயது ஆறு. ‘சின்ன வீட்டுப் பிள்ளை’ என்ற சொல்லைப் பேச்சாளர் தயங்காமல் பயன்படுத்தினார். அந்தச் சொல்லின் சூடு எத்தகையது என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்பதால், அரங்கம் அந்த நொடியிலேயே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

அங்கிருந்து 1935இல் பதினைந்து வயதில் புவேனஸ் ஐரிசுக்குச் சென்றது, சிறு சிறு நாடக வேடங்கள், பிறகு வானொலி என்று பேச்சு விறுவிறுப்பாக நகர்ந்தது. 1943இலிருந்து வானொலியில் வரலாற்றுப் புகழ் பெற்ற பெண்களாக அவர் தொடர்ந்து நடித்தார் என்பதையும், பின்னாளில் மாடத்திலிருந்து தொழிலாளர்களை நோக்கிக் கம்மிய குரலில் அவர் பேசிய முறை அந்த ஒலிவாங்கிப் பயிற்சியில் விளைந்தது என்பதையும் இணைத்துக் காட்டியது அருமையான இடம். சான் ஹுவான் நிலநடுக்கத்துக்கு நிதி திரட்ட 1944 ஜனவரியில் நடந்த கலைவிழாவில் அவர் கர்னல் பெரோனைச் சந்தித்தார். 1945 அக்டோபரில் திருமணம். 1946இல் கணவர் அதிபர். 1945 அக்டோபர் 17 அன்று சிறையிலிருந்த பெரோனை விடுவிக்கத் திரண்ட கூட்டத்தை எவிட்டாவே திரட்டினார் என்று அவருடைய அன்பர்கள் சொல்லிவரும் கதையை, அது தொழிற்சங்கங்களின் வேலை என்று பேச்சாளர் நாகரிகமாக ஒதுக்கி வைத்ததற்கும் ஒரு பாராட்டு உரியது.

கையேட்டைப் பற்றி அவ்வளவு நல்ல சொல் சொல்ல இயலவில்லை. முதல் பக்கத்திலேயே ‘பிறப்பு: 1922, ஹூனின்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள்; கடைசிப் பக்கத்தில் 1952இல் 33 வயதில் இறந்ததாகவும் அச்சிட்டிருக்கிறார்கள். கழித்துப் பார்த்தால் 30தான் வருகிறது. அச்சுப் பிழை என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பிழைக்கு ஒரு பிறப்பு வரலாறு உண்டு. அவர் உண்மையில் பிறந்தது 1919 மே 7, லாஸ் டோல்டோசில். திருமணத்தின்போது பிறப்புப் பதிவு மாற்றப்பட்டு, மூன்று வயது குறைந்து, பிறந்த ஊர் மாறி, தகப்பனின் பெயரும் முறைப்படி ஒட்டிக்கொண்டது. அந்தச் சாவு வீட்டு வாசலில் நின்ற சிறுமி தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றிதழை, எண்பது ஆண்டுகள் கழித்துச் சத்துவாச்சாரியில் ஒரு கையேடு நம்பியிருக்கிறது. பேச்சாளர் வாயால் 1919 என்றுதான் சொன்னார். கையேட்டைத் தொகுத்தவர் வேறு ஒருவர் போலும்.

பேச்சின் நடுப்பகுதியில் எனக்குக் குறை உண்டு. 1947இல் அவர் மேற்கொண்ட ஐரோப்பியப் பயணத்துக்கு, குறிப்பாக ஆடைகளுக்கும் நகைகளுக்கும், அரை மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோ அளித்த விருதையும் சுவிட்சர்லாந்தில் வந்து விழுந்த தக்காளிகளையும் இரண்டு படங்களில் முடித்திருக்கலாம். அந்த நேரம், 1948இல் தொடங்கப்பட்ட அவருடைய அறக்கட்டளைக்குப் போயிருக்க வேண்டும். மருத்துவமனைகள், பள்ளிகள், முதியோர் இல்லங்கள், தையல் இயந்திரங்கள், காலணிகள், சமையல் பாத்திரங்கள் என்று அது கொடுத்தவற்றின் பட்டியலைப் பேச்சாளர் சொன்னபோது, இலவசத் தையல் இயந்திரம் என்றதும் அரங்கில் ஒரு புன்னகை பரவியது. அந்தப் புன்னகையைப் பிடித்துக்கொண்டு அவர் அடுத்த கேள்விக்குப் போகவே இல்லை. அந்தப் பணம் யாருடையது? தொழிலாளர் சம்பளத்தில் பிடித்தம் இருந்தது. நிறுவனங்களிடம் ‘நன்கொடை’ கேட்கப்பட்டது. கொடுக்க மறுத்தவர்களுக்கு அரசின் ஆய்வாளர்கள் வந்தார்கள். எதிர்ப்பத்திரிகைகள் ஒடுக்கப்பட்டதும் அதே ஆண்டுகளில்தான். வரிசையில் நின்ற ஏழைப் பெண்ணின் கையைப் பிடித்து, முத்தமிட்டு, நள்ளிரவு வரை மனு வாங்கிய எவிட்டாவும் பொய்யல்ல, இதுவும் பொய்யல்ல. அவரைப் புனிதராக வணங்கியவர்களும் வெறுத்தவர்களும் ஒரே மேசையின் இரு பக்கத்திலிருந்துதான் அவரைப் பார்த்தார்கள். மேசையின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால், அவர் மீதான வெறுப்பு வெறும் பணக்காரப் பொறாமையாகச் சுருங்கிவிடுகிறது. 1947இல் பெண்களுக்கு வாக்குரிமைச் சட்டம் வந்ததையும் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். வாக்குரிமைக்காக அதற்கு முன் பல்லாண்டு போராடிய அர்ஜென்டினப் பெண்கள் அந்த ஒரு வாக்கியத்திலும் இடம் பெறவில்லை.

இடைவேளைக்குப் பிறகுதான் கொடுத்த காசுக்கு முழு மதிப்புக் கிடைத்தது. 1951 ஆகஸ்டில் துணை அதிபர் வேட்பாளராகுமாறு பெருங்கூட்டம் வற்புறுத்தியது. அந்த மாத இறுதியில் அவர் மறுத்தார். நவம்பரில் பெண்கள் முதன்முறையாக அதிபர் தேர்தலில் வாக்களித்தபோது, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுக்கையிலிருந்தபடியே அவரும் வாக்களித்தார். நோயின் பெயரை அவரிடம் சொல்லவில்லை. அறுவை செய்ய அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர் இருந்ததையும் அவருக்குத் தெரியாமல் மறைத்தார்கள். இந்த இடத்தில் ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் எழுந்து, “ஐயா, இந்த ஊரில் நாற்பது வருடமாக இதைத்தான் பார்த்தேன். ‘அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் சிஸ்டர்’ என்று கையெடுத்துக் கும்பிடாத மகன் இல்லை. ஆனால் அம்மாவுக்குத் தெரியாமலும் இருந்ததில்லை” என்றார். “நீங்களே மேடைக்கு வந்து பேசுங்கள், அம்மா” என்று பேச்சாளர் இடம் விட்டது அழகு. நாட்டின் பாதி நோயாளிகள் வந்து இறங்கும் ஊரில் இந்தப் பகுதி வேறு விதமாகக் கேட்கும்.

அவர் இறந்த 1952 ஜூலை 26க்குப் பிந்தைய கதை இன்னும் வலுவானது. பதப்படுத்தப்பட்ட உடல் தொழிற்சங்கத் தலைமையகத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1955இல் பெரோனைக் கவிழ்த்த ராணுவம் அதை எடுத்து மறைத்தது. மறு ஆண்டு, பெரோன், எவிட்டா ஆகியோரின் பெயரையும் படத்தையும் பயன்படுத்துவதையே ஆணை போட்டுத் தடுத்தது. 1957இல் உடல் இத்தாலியின் மிலான் நகரில் வேறொரு பெண்ணின் பெயரில் புதைக்கப்பட்டு, 1971இல் தோண்டி எடுக்கப்பட்டு, மாட்ரிட்டில் இருந்த பெரோனிடம் சேர்ந்து, 1974இல் நாடு திரும்பி, 1976இல் செல்வர்களின் ரெக்கோலெட்டா கல்லறைத் தோட்டத்தில் துவார்த்தே குடும்பக் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தது. தகப்பன் வீட்டு வாசலில் தடுக்கப்பட்டவருக்கு, கடைசியில் அந்தக் குடும்பப் பெயரின் கீழ்தான் இடம். பேச்சாளர் இதோடு நம் வேலூர்க் கோட்டையை நினைவுபடுத்தினார்: 1806 ஜூலைக் கிளர்ச்சிக்குப் பின் திப்புவின் குடும்பத்தை ஆங்கிலேயர் இங்கே வைத்திருக்கத் துணியாமல் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ஒரு பெயரின் பின்னால் ஆட்கள் திரண்டுவிடுவார்கள் என்ற அச்சம் என்ன செய்யும் என்று அரங்கிலிருந்த எல்லாருக்கும் அப்போது புரிந்தது.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்காருவது முதுகுக்குச் சோதனை. மின்விசிறிகள் பின்வரிசைக்கு எட்டவில்லை. வேலூர் வெயிலில் மாடி அரங்கம் மாலை ஐந்து மணிக்கும் அடுப்பாகவே இருக்கிறது. ஒலியமைப்புத் தெளிவு. சுண்டல் நன்றாக இருந்தது, தேநீர் ஆறிப்போயிருந்தது. லிப்ட் இல்லாததால் முதியவர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் ஏற வேண்டியிருக்கிறது.

கிளம்பும்போது, கையேட்டின் ஆண்டுக் கணக்கை அமைப்பாளரிடம் காட்டினேன். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, வருத்தம் தெரிவித்து, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, என் பிரதியில் 1922ஐ அடித்து 1919 என்று எழுதிக் கொடுத்தார். மேசை மேலிருந்த மற்றக் கையேடுகளை, அடுத்த வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.