கருந்திட்டுகள்: எது சீக்கிரம் மறைக்கும், எது திரும்ப விடாது?

முகத்தில் விழுந்த கருந்திட்டை மங்கச் செய்வதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மங்கியது மறுபடி தலைகாட்டாமல் இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. களிம்புகளைப் பெரும்பாலும் வேகத்தை வைத்தே ஒப்பிடுகிறார்கள். ஒரு கோடைக்காலம் கடந்த பிறகு யார் முகத்தில் திட்டு திரும்பவில்லை என்று பார்த்தால் தரவரிசையே தலைகீழாகிவிடும். இங்கே நான் பார்ப்பது அந்த இரண்டாவது கணக்கை.

அதற்கு முன் திட்டு எந்த ரகம் என்று தெரிய வேண்டும். பருவோ பூச்சிக்கடியோ உராய்வோ ஆறிய இடத்தில் தங்கும் கறுப்பு ஒன்று. கன்னம், நெற்றி, மேலுதடு என முகத்தின் இரு பக்கமும் ஒன்றுபோல் படரும் மங்கு (மெலாஸ்மா) மற்றொன்று. முதலாவது, காரணம் நின்றால் தானாகவே மறையக்கூடியது. மேல்தோலில் நிற்கும் பழுப்பு நிறம் சில மாதங்களில் போகும். அடித்தோலுக்கு இறங்கிய சாம்பல் கலந்த நீலம் போக ஆண்டுகள்கூட ஆகலாம். பரு புதிதாக வந்துகொண்டே இருக்கும்போது பழைய வடுவுக்கு மட்டும் மருந்து போடுவது ஓட்டைப் படகில் நீர் இறைக்கிற வேலை. மங்கின் கதை வேறு. கர்ப்பகால ஹார்மோன்கள், கருத்தடை மாத்திரை, பரம்பரை, வெயில் எல்லாம் சேர்ந்து கிளப்பிவிடுவது அது. அடக்கி வைக்கலாம்; அடியோடு ஒழிப்பதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

இனி முக்கியமான போட்டிக்கு வருவோம்: ஹைட்ரோகுவினோனா, அசெலாயிக் அமிலமா?

தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி உருவாகத் தேவையான டைரோசினேஸ் நொதியை ஹைட்ரோகுவினோன் தடுக்கிறது. மருத்துவர்கள் வழக்கமாக எழுதித் தருவது 4 சதவீதக் களிம்பு. இதோடு வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினாயினையும் அழற்சியை அடக்கும் ஒரு ஸ்டீராய்டையும் சேர்க்கும் கூட்டு மருந்து 1975 முதல் வழக்கில் இருக்கிறது. மங்குத் திட்டை விரைவாகக் குறைப்பதில் அதன் திருத்திய வடிவங்களை மிஞ்சுவது இன்றும் கடினம். ஆனால் அது ஓட்டப்பந்தயக் குதிரை, நாள்பட உழைக்க ஏற்றதல்ல. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தடவினால், எதைப் போக்க நினைத்தோமோ அதுவே நீலக்கருமையாகத் தோலில் தங்கிவிடும் ‘ஆக்ரோனோசிஸ்’ என்ற கோளாறு வரலாம். அது வந்தால் போக்குவது மிகக் கடினம். கூட்டு மருந்தில் உள்ள ஸ்டீராய்டு நாளடைவில் தோலை மெலியவைக்கும், ரத்த நாளங்கள் வெளியே தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் அழகுக் களிம்புகளில் ஹைட்ரோகுவினோனைத் தடை செய்திருக்கிறது. அமெரிக்காவிலும் 2020-க்குப் பிறகு அது மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க அனுமதியற்ற பொருளாகிவிட்டது.

அசெலாயிக் அமிலம் நிதானமானது. முதல் சில வாரங்கள் தடவியதும் சுருக்கென்று குத்தும், அரிக்கும். பலர் அந்தக் கட்டத்திலேயே டியூபை மூடி வைத்துவிடுகிறார்கள். பொறுத்தவருக்குப் பலன் உண்டு. மங்குக்கு 20 சதவீத அசெலாயிக் அமிலத்தை 4 சதவீத ஹைட்ரோகுவினோனோடு 24 வாரங்கள் ஒப்பிட்டு 1991-இல் வெளியான ஆய்வில் இரண்டும் ஏறத்தாழ சமமாகவே நின்றன. இது பருவையும் குறைக்கிறது, ஆகவே பருவும் வடுவும் சேர்ந்திருப்பவருக்கு ஒரே டியூபில் இரண்டு வேலை. ட்ரெட்டினாயினைத் தவிர்க்க வேண்டிய கர்ப்ப காலத்திலும் மருத்துவர்கள் இதைத் தரத் தயங்குவதில்லை. என் தேர்வைக் கேட்டால், பரு வடுவுக்கு நேராக அசெலாயிக். பிடிவாதமான மங்குக்கு மருத்துவர் சொல்லும் சில மாதங்கள் மட்டும் ஹைட்ரோகுவினோன், பிறகு அதை நிறுத்திவிட்டு அசெலாயிக்கில் நிலைநிறுத்துவது.

இந்த இரண்டில் எதைத் தேர்ந்தாலும் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது சன்ஸ்கிரீன். அதிலும் எந்த சன்ஸ்கிரீன் என்பதுதான் பலர் கவனிக்காத இடம். டப்பாவில் உள்ள எஸ்பிஎஃப் எண் முக்கியமாகப் புறஊதா ‘பி’ கதிருக்கானது. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். புறஊதா ‘ஏ’ கதிரில் கணிசமான பகுதி உள்ளே வரும். இவை போதாதென்று கண்ணுக்குத் தெரியும் ஒளியே, குறிப்பாக அதன் நீலப் பகுதி, மாநிறத்திலும் கறுத்த தோலிலும் நிறமியைத் தூண்டுகிறது. நிறமற்ற சன்ஸ்கிரீன் எவ்வளவு உயர்ந்த எண்ணைக் காட்டினாலும் அந்த ஒளியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கிறது. மங்கு உள்ளவருக்கு இந்த ஒப்பீட்டில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை: சாயல் உள்ளதுதான். அளவிலும் கஞ்சத்தனம் கூடாது. எஸ்பிஎஃப் சோதனையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள்; பெரும்பாலோர் பூசுவது அதில் பாதிகூட இல்லை. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை பிதுக்கிய இரண்டு கோடுகள் முகத்துக்கும் கழுத்துக்கும் தேவை. மேலுதட்டில் பூசியது சாப்பிடும்போதும் வியர்வையைத் துடைக்கும்போதும் முதலில் அழிந்துவிடுகிறது. அங்கே மங்கு விடாப்பிடியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நியாசினமைடும் வைட்டமின் சியும் துணை நடிகர்கள். நியாசினமைடு நிறமி மேல்தோல் செல்களுக்குக் கைமாறுவதைக் குறைக்கிறது, தோலை அதிகம் உறுத்துவதில்லை. வைட்டமின் சி நல்லதுதான், ஆனால் காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுவிடும். பாட்டிலில் உள்ள திரவம் பழுப்பாகிவிட்டால் தூக்கி எறியுங்கள்.

லேசர்? வெயிலால் வரும் வயதுப் புள்ளிகளுக்குச் சிறப்பாக வேலை செய்யும். மங்குக்கு அதை முதல் வழியாக நான் சொல்லமாட்டேன். சூடும் அழற்சியுமே நிறமியைத் தூண்டிவிட, முன்பைவிடக் கறுத்துத் திரும்பியவர்கள் உண்டு. கறுத்த தோலில் அந்த ஆபத்து அதிகம். களிம்புக்கு அடங்காத மங்குக்கு அதைவிட ட்ரானெக்ஸாமிக் அமில மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து இது. குறைந்த அளவில் மங்குத் திட்டையும் குறைக்கிறது. ரத்த நாளத்தில் ரத்தம் உறைந்து அடைத்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது, ஆகையால் தானாக வாங்கி விழுங்கும் பொருளல்ல. நிறுத்தினால் மங்கு திரும்புவதும் சகஜம்.

சில பொருட்களை இந்தப் போட்டியில் சேர்க்கவே கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமல், ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆக்கும் களிம்பில் பாதரசமோ வீரியமான ஸ்டீராய்டோ இருக்க வாய்ப்பு அதிகம். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எலுமிச்சைச் சாற்றைத் தடவி வெயிலில் போனால் தோல் வெந்து புதிய கறுப்பு விழும்.

கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போல் தடித்துக் கறுத்தால் களிம்பைத் தேடுவதற்கு முன் ரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். ஒற்றைப் புள்ளி மட்டும் வளர்ந்தாலோ, ஓரம் கோணலானாலோ, ரத்தம் கசிந்தாலோ, உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிய கறுப்புக் கோடு தெரிந்தாலோ எந்தக் களிம்பும் தடவாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.