குல்மார்க்கா, ஔலியா? முதல் பனிச்சறுக்கு விடுமுறைக்கு ஏற்றது எது

காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் ஔலி இரண்டில் எதற்குப் போகலாம் என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் பனியின் ஆழத்தையும் படத்தில் தெரியும் அழகையும்தான் ஒப்பிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வேறு: கையிலிருக்கும் விடுமுறையில் எத்தனை காலைப் பொழுதுகள் பனியில் கிடைக்கும்? முதல் நாள் விழுவதிலும் எழுவதிலும் போய்விடும். இரண்டாம் நாள் வேகத்தைக் கட்டுப்படுத்தி நிற்க வரும். மூன்றாம் நாள்தான் இருபுறமும் திரும்பத் தெரியும். அதற்கு மேல் ஒன்றிரண்டு நாள் இருந்தால்தான் கற்றதை அனுபவிக்க முடியும்.

சென்னையிலிருந்து ஏழு நாள் விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். குல்மார்க்குக்கு விமானத்தில் ஸ்ரீநகர் போய், அங்கிருந்து 50 கிலோமீட்டர் சொச்சம் சாலைப் பயணம். தங்மார்க்கிலிருந்து கடைசி 13 கிலோமீட்டர் ஏற்றம். பனி விழுந்த நாட்களில் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகளை மட்டுமே மேலே விடுவார்கள் என்பதால் அங்கே வண்டி மாற வேண்டியிருக்கும். போக ஒரு நாள், வர ஒரு நாள் போக, நான்கைந்து முழு நாட்கள் மிஞ்சும்.

ஔலிக்கு டேராடூன் விமான நிலையத்தில் இறங்கி ரிஷிகேஷில் தங்கி, மறுநாள் விடியற்காலையில் கிளம்பி 250 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஜோஷிமட் சேர ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். இருட்டில் அந்தச் சாலையில் போகக் கூடாது. திரும்பவும் அதே இரண்டு நாள். மிஞ்சுவது மூன்றே நாள். ஆகவே ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் என் பரிந்துரை குல்மார்க். பத்து நாளுக்கு மேல் ஒதுக்க முடிந்தால் கணக்கு மாறும்.

மாறுவதற்குக் காரணம் ஔலியின் சரிவு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 முதல் 3,050 மீட்டர் உயரத்தில், ஓக், தேவதாரு மரங்களுக்கு நடுவே ஒரே சீராக இறங்கும் புல்வெளி அது. கண்ணுக்கு நேரே 7,816 மீட்டர் நந்தா தேவி. உத்தராகண்ட் அரசின் சுற்றுலா நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் இங்கே 7 நாள், 14 நாள் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. முறையாகப் படிப்படியாகக் கற்க நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் குறைவு. ஆனால் முதல் வாரத்திலேயே நன்றாகப் பழகிவிட்டால், அதற்கு மேல் ஏறிப் பார்க்கப் பெரிய சரிவுகள் இல்லை.

குல்மார்க்கில் அந்தப் பஞ்சம் கிடையாது. கொண்டோலா எனும் ரோப்வேயின் முதல் கட்டம் 2,650 மீட்டரிலிருந்து நடு நிலையமான கோங்தூரிக்கும், இரண்டாம் கட்டம் அஃபர்வாத் மலையில் சுமார் 3,950 மீட்டருக்கும் ஏறுகிறது. இங்கேதான் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். புதிதாகக் கற்பவருக்குக் கொண்டோலா தேவையே இல்லை. கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மெல்லிய சரிவு போதும். கோங்தூரிச் சரிவு திரும்பத் தெரிந்த பிறகு. இரண்டாம் கட்டத்தின் உச்சியிலிருந்து ஸ்கீயோடு (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) இறங்குவது தேர்ந்தவர்களுக்கு, அதுவும் உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும். சமன்படுத்தாத பனி, பனிச்சரிவு அபாயம், மூச்சு வாங்கும் உயரம் மூன்றும் அங்கே சேர்கின்றன. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் குல்மார்க் சரிவுகளில் பனிச்சரிவில் இறந்தார்கள். கடும் பனிப்பொழிவுக்குப் பிறகோ பலத்த காற்றிலோ இரண்டாம் கட்டத்தை மூடிவிடுவார்கள். அதை நம்பி ஒரே நாளை ஒதுக்காதீர்கள். சுற்றிப் பார்க்க மட்டும் ஏறுவதென்றால் டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுங்கள். இரண்டு கட்டங்களுக்கும் தனித்தனி டிக்கெட்.

பனி எங்கே நிச்சயம்? குல்மார்க்கில் வாய்ப்பு அதிகம். ஆனாலும் 2024 ஜனவரி முற்பாதியில் அங்கேயே தரை தெரிந்தது. ஔலியில் இன்னும் சந்தேகம். 2011 தெற்காசிய குளிர்காலப் போட்டிக்காகச் செயற்கைப் பனி இயந்திரங்களும் அவற்றுக்கு நீர் தரும் ஏரியும் அமைத்தார்கள். ஆனால் போதிய குளிர் இல்லாத நாட்களில் இயந்திரத்தால் பனி செய்ய முடியாது. இரண்டு ஊருக்கும் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை நல்ல காலம். டிசம்பர் விடுமுறையில் போய் ஏமாறுபவர்கள்தான் அதிகம்.

ஔலி போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது அங்கிருந்து ஔலிக்குச் செல்லும் ரோப்வே நிறுத்தப்பட்டது. ரோப்வே ஓடும் என்று எண்ணித் திட்டமிடாமல், பதினைந்து கிலோமீட்டர் அளவிலான சாலைக்கு வண்டி பேசிவிடுங்கள். குல்மார்க்கிலோ தலைவலி வேறு மாதிரி: பிற மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு வேண்டும். பனியில் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாவது சகஜம் என்பதால் திரும்பும் பக்கம் ஒரு நாள் உபரியாக வையுங்கள்.

எங்கே போனாலும் வாடகைக் காலணிதான் விடுமுறையைக் கெடுக்கும் முதல் ஆள். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும். முழங்காலை மடித்து முன்னே சாய்ந்தால் விரல்கள் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலெழும்பினால் அளவு பெரிது. குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் சில்லிடும். நீளமான மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும். ஸ்கீயை நிமிர்த்தி வைத்தால் மோவாய்க்கும் மூக்குக்கும் இடையில் வரட்டும். காலணியை ஸ்கீயோடு இணைக்கும் பிடிமானத்தின் இறுக்க அளவை உங்கள் எடையைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். கேட்காமல் நீட்டினால் நீங்களே சொல்லுங்கள். அதிகம் இறுக்கினால் விழும்போது ஸ்கீ கழலாமல் முழங்காலை முறுக்கும். மாட்டும் முன் காலணியின் அடியில் ஒட்டிய பனியைக் கம்பால் சுரண்டிவிடுங்கள். அது இருந்தால் குதிகால் மாட்டியது போலத் தோன்றி முதல் திருப்பத்திலேயே கழன்றுவிடும்.

பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து போகும் குடும்பம் என்றால் விடுமுறை நீளமாக இருந்தாலும் குல்மார்க்தான். சறுக்காதவர்களுக்கு முதல் கட்டக் கொண்டோலா இருக்கிறது. உடம்புக்கு முடியாதவர் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ஸ்ரீநகருக்கு இறங்கிவிடலாம். ஔலியிலிருந்து அப்படிச் சட்டென்று இறங்கிச் சேரப் பெருநகரம் எதுவும் பக்கத்தில் இல்லை.