பறவையின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ: ரத்தமா, இறகா?

எடுப்பது
ரத்தம்: பறவையைப் பிடித்து இறக்கை நரம்பில் 20–50 மைக்ரோலிட்டர். உடல் எடையில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.
இறகு: கூட்டடியில் உதிர்ந்ததே போதும்.

சேமிப்பது
ரத்தம்: 95% எத்தனாலில். ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) பூசிய குழாய் வேண்டாம், டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆரைக் கெடுக்கும்.
இறகு: காகித உறையில். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

பிரிப்பது
ரத்தம்: ஒரு சொட்டே தாராளம்.
இறகு: தண்டின் அடிநுனியை நறுக்கி, புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ் கே நொதியுடன், கெரட்டினின் பிணைப்பை உடைக்கும் டிடிடி சேர்த்து 56 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க வையுங்கள், இறகின் புரதமான கெரட்டின் லேசில் கரையாது. தண்டில் இறகுப் பரப்பு தொடங்கும் இடத்து மேல்துளையருகே கரும்புள்ளியாக உறைந்த ரத்தம் தெரிந்தால் விடாதீர்கள், அடிநுனியைவிட அதில்தான் டிஎன்ஏ அதிகம்.

இதுவரை ரத்தம்தான் முந்துகிறது. சிக்கல் வேறு இடத்தில். பறவையின் சிவப்பணுவில், பாலூட்டிகளுக்கு இல்லாத உட்கரு உண்டு. அதனால் ரத்தத்தில் உட்கரு டிஎன்ஏ குவிந்திருக்கும், மைட்டோகாண்ட்ரியா சொற்பம். எப்போதோ உட்கருவுக்குள் குடியேறிய மைட்டோகாண்ட்ரியாத் துண்டுகள் ('நம்ட்') அசலைப் போலவே பிசிஆரில் பெருகிவிடும். டிஎன்ஏ வரிசையைக் காட்டும் வரைபடத்தில் ஒரே இடத்தில் இரட்டை உச்சி, சிஓஐ (இனத்தை அடையாளம் காண உதவும் மைட்டோகாண்ட்ரியா மரபணு) நடுவில் புரத உருவாக்கத்தை முடிக்கும் நிறுத்தக் குறி என்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியா மரபுக்குறி அட்டவணையை வைத்தே பாருங்கள். பொது அட்டவணையில் டிஜிஏ என்ற மூன்றெழுத்துக் குறி நிறுத்தமாகத் தெரிந்து வீண் பீதி.

இறகில் இந்தத் தொல்லை குறைவு. வெயிலில் கிடந்த இறகில் மட்டும் டிஎன்ஏ சிதைந்திருப்பதால், 648 எழுத்து (டிஎன்ஏ அலகு) நீளமுள்ள சிஓஐ பார்கோடு ஒரே வீச்சில் வராது. 200–300 எழுத்துத் துண்டுகளாக எடுத்து ஒட்ட வேண்டும்.

வலையில் பிடித்து வளையமிடும் வேலை ஏற்கெனவே நடக்கிறது, மைக்ரோசாட்டிலைட்டும் (உட்கரு டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் குறுந்துண்டுகள்) வேண்டும் என்றால் ரத்தம். கழுகு, ஆந்தை மாதிரி பிடிக்கக் கடினமானவற்றுக்கு இறகு. காட்டுப் பறவையென்றால் இரண்டுக்கும் வனத்துறை அனுமதி கையில் இருக்கட்டும்.