போனா, கைப்பட்டியா? அக்காவின் தூக்கத்தை அளந்து பார்த்த அனுபவம்

அக்காவுக்கு பைபோலர் (மனம் சில நாள் அளவுக்கு மீறி ஏறும், சில நாள் இறங்கும் நோய்) என்று தெரிந்து ஆறு வருடமாகிறது. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். தினமும் லித்தியம், மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக். "தூக்கம் எப்படி?" என்று வைத்தியர் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: "நல்லாத்தான் இருக்கு டொக்டர்." அவர் எதையும் மறைக்கவில்லை. மனம் மேலே ஏறத் தொடங்கும் நாட்களில் மூன்று மணி நேரம் தூங்கினாலே அவருக்குப் போதும் போலிருக்கும், களைப்பே தெரியாது. அந்த நாட்களை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டால் மருந்தை நேரத்தோடு மாற்றலாம், வார்டு வரை போக வேண்டி வராது.

அதனால்தான் டிஜிட்டல் பயோமார்க்கர் பற்றித் தேட ஆரம்பித்தேன். இரத்தத்தில் சீனி பார்ப்பது போல, ஒருவரின் அசைவு, தூக்கம், நடமாட்டம், பேச்சு எல்லாவற்றையும் கருவி கொண்டு அளந்து மனநிலை மாறுவதை ஊகிக்கும் முறை அது. எங்கள் கைக்கு எட்டியவை இரண்டு: போனிலேயே ஓடும் செயலி, கையில் கட்டும் பட்டி. இரண்டையும் பார்த்துவிட்டோம். நான் கைப்பட்டியின் பக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

கேள்வித்தாளை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 போன்றவை எப்படியும் வேண்டும். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும். கடைசிக் கேள்வி உயிரை விடும் எண்ணம் வந்ததா என்பது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மனிதர்தான் கேட்க வேண்டும்.

முதலில் போன். காசு செலவில்லை, கையில் இருப்பதே போதும். ஆய்வுகளும் நம்பிக்கை தந்தன. 2013இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 48 மாணவர்களின் போன்களைப் பத்து வாரம் பின்தொடர்ந்து, அவர்களின் தூக்கம், பேச்சு, நடமாட்டம் ஆகியவற்றை மனச்சோர்வு மதிப்பெண்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். 2015இல் வந்த இன்னோர் ஆய்வு, மனச்சோர்வு கூடியவர்கள் குறைவான இடங்களுக்குப் போகிறார்கள், வீட்டில் அதிக நேரம் இருக்கிறார்கள் என்று ஜிபிஎஸ் தரவிலிருந்து காட்டியது. படிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

செயலியைப் போட்டு மூன்று வாரம் கழித்துப் பார்த்தேன். அக்கா காலை முதல் மாலை வரை வீட்டை விட்டு அசையவில்லை, இரவு ஒரு மணி வரை விழித்திருக்கிறார் என்றது அது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓடிப்போய்ப் பார்த்தால் அக்கா நன்றாக இருக்கிறார். நடந்தது இதுதான்: மழைக்காலத்தில் போன் நனைந்துவிடும் என்று அதைக் காம்பராவிலேயே, அதாவது வீட்டு அறையிலேயே, வைத்துவிட்டு மலைக்குப் போகிறார். இரவில் மகன் அதை எடுத்து வீடியோ பார்க்கிறான். அக்கா வீட்டில் கிடப்பதாகச் செயலி சொன்ன நேரத்தில், அவர் இடுப்பில் படங்குத் துணி கட்டிக்கொண்டு மலையில் நின்று, மூன்று நிறுவைக்கும் கொழுந்து கொடுத்திருக்கிறார். அக்கா தூங்கவில்லை என்று அது சொன்னது பையனின் விழிப்பை.

எனக்கு முடிவைத் தந்தது இந்த ஒரு விஷயம்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வுகளுக்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: ஒரு போன், ஒரு ஆள், எந்நேரமும் அவர் உடம்போடு. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அப்படி இல்லை. அது வீட்டுப் போன். பிள்ளையின் வகுப்புச் செய்தி அதில்தான் வரும், கொழும்பிலிருந்து மாமா கூப்பிடுவதும் அதில்தான், பக்கத்துக் காம்பரா ஆயா ரீலோட் போட்டுப் பேசுவதும் அதில்தான். எத்தனை அழைப்பு, எவ்வளவு நேரம் திரை எரிந்தது என்று அது எண்ணித் தரும் எல்லாமே ஒரு குடும்பத்தின் கணக்கு. அதை ஒரு பெண்ணின் மனநிலை என்று வாசித்து மருந்து மாற்றினால் என்ன ஆகும்? நினைக்கவே பயமாக இருக்கிறது. ஜிபிஎஸ் விஷயமும் இதே கதைதான். நல்ல நாளிலும் மோசமான நாளிலும் அக்கா போகும் இடங்கள் லயம், மலை, கோயில், பிள்ளையைக் கொண்டுபோய் விடும் பிள்ளைக் காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்). போனைக் கையோடு கொண்டுபோனாலும் ஒரு கிலோமீட்டருக்குள் அது எந்த வித்தியாசத்தைக் காணும்?

எழுத்துத் தட்டும் வேகத்தை வைத்து மனநிலை பார்க்கும் வழியும் இருந்தது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தை 2002 முதல் 2015 வரை நடத்திய தாமஸ் இன்செல் 2017இல் சேர்ந்த மைண்ட்ஸ்ட்ராங் நிறுவனம் அதைத்தான் முயன்றது. 2023இல் அது மூடப்பட்டது. அக்கா தட்டச்சு செய்வதே இல்லை, வாட்ஸ்அப்பில் குரல் செய்திதான் அனுப்புவார்.

சரி, கைப்பட்டி. அது அக்காவின் கையில்தான் இருக்கிறது, வேறு யாரும் கட்டுவதில்லை. எனக்கு அதுவே பாதி வெற்றி. மழையில் நனையலாம். ஞாயிறு தலைக்குக் குளிக்கும் நேரத்தில் கழற்றி சார்ஜில் போட்டால் அடுத்த ஞாயிறு வரை ஓடும். நான் அட்டனிலிருந்து வரும்போது என் போனில் தரவை இறக்கிக்கொள்கிறேன், அக்காவுக்குத் தனிப் போன் தேவையில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். அடி எண்ணிக்கையை நான் பார்ப்பதே இல்லை, நின்ற இடத்தில் கொழுந்து கிள்ளும் கையசைவையும் அது நடையாக எண்ணிவிடுகிறது. அசையாமல் விழித்துக் கிடந்தால் தூக்கம் என்று போட்டுவிடும், இது அசைவை வைத்துத் தூக்கம் பார்க்கும் கருவிகள் எல்லாவற்றுக்கும் உள்ள குறை. பச்சை ஒளி வைத்து நாடித்துடிப்பு பார்ப்பதில் கறுத்த தோலில் பிழை கூடலாம் என்ற கேள்வியும் இருப்பதால் அதையும் விட்டுவிட்டேன். நான் பார்ப்பது இரண்டே: எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார். பிரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு, போகிறவர்களின் நாள் ஒரே ஒழுங்கில் போவதால், அந்த ஒழுங்கு கலைந்தால் பளிச்சென்று தெரிகிறது.

ஒரு தடவை உண்மையாகவே தெரிந்தது. ஆறரை மணி நேரத் தூக்கம் நான்கு நாளில் நாலு மணி நேரமாகக் குறைந்திருந்தது. கிளினிக்குக்குப் பேசினோம், முன்கூட்டியே வரச் சொன்னார்கள், வார்டுக்குப் போகாமல் முடிந்தது. இன்னொரு தடவை இரண்டு இரவு தூக்கமே இல்லை என்று காட்டியது. பயந்து கேட்டால், காமன் கூத்து, தோட்டங்களில் இரவில் ஆடும் திருவிழாக் கூத்து. காமனை எரிக்கும் இரவுவரை தோட்டமே விழித்திருந்தது. ஆக, எண்ணைப் பார்த்த கையோடு அக்காவிடம் பேச வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

கட்டுவதற்கு முன் அக்கா கேட்டது ஒரே கேள்வி: "இது தொரைக்குத் தெரியுமா?" தொரை என்றால் தோட்ட நிர்வாகி. நியாயமான பயம். பைத்தியம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் லயத்தில் தலை நிமிர முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையாக வைத்திருக்கிறது என்று சொன்னேன். அவருக்கு அது போதவில்லை, எனக்கும்தான், ஏனென்றால் தரவு பட்டி செய்த நிறுவனத்தின் சேர்வருக்கும் போகிறது. கடைசியில் அக்கா பெயர் போடாமல் கணக்குத் திறந்தோம். தாளில் எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு மாதமும் அவரே சொல்கிறார். இரண்டு மாதம் வேண்டாம் என்றார். கொண்டுபோகவில்லை. யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரம் பட்டியில் இல்லை என்பதும் போனை விட இதை நான் விரும்பக் காரணம்.

எங்கள் அனுபவம் ஒரே ஆள், ஒரு வருடம்தான். தேயிலைத் தொழிற்சாலையின் இராக் கொட்டாயில் மாறி மாறி இரவு வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தூக்கக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது. கொழும்பில் கடைகளில் நிற்கும் நம் பிள்ளைகள் வேறு. ஆளுக்கொரு போன், தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குவார்கள். மாமா மகனுக்கு இப்படி ஒன்று தேவைப்பட்டு, அவனும் சம்மதித்தால், முதலில் போன் செயலியைத்தான் போட்டுப் பார்ப்பேன்.